நூலேணி கட்டியவள் பக்கம் நின்று

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கோபுரத்தில் அடைபட்ட பெண்ணின் கதையைச் சிறப்பாகச் சொன்னது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரமா, ஜெர்மனியா என்பது இன்றைய தலைப்பு. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டு உலகமே அறிந்த ரபுன்ஸலுக்காக எதிரணியினர் உருக்கமாக வாதாடி அமர்ந்திருக்கிறார்கள். அவளுக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவளான பெத்ரோசினெல்லாவுக்காக நான் எழுந்து நிற்கிறேன். ஜியாம்பத்திஸ்தா பசிலே நேப்பிள்ஸ் வட்டார மொழியில் எழுதி, 1632இல் அவர் மறைந்த பிறகு 1634 முதல் 1636 வரை அச்சேறிய, ஐந்து நாள்களில் சொல்லப்படுவதாக அமைந்த ஐம்பது கதைகளின் தொகுப்பில், இரண்டாம் நாளின் முதல் கதை அவளுடையது.

இரண்டு கதைகளும் மசக்கையில்தான் தொடங்குகின்றன. கர்ப்பிணி ஒருத்தி அடுத்த தோட்டத்துக் கீரைக்கு ஆசைப்படுகிறாள், திருட்டு பிடிபடுகிறது, பிறக்கும் குழந்தையைத் தருவதாக வாக்குக் கொடுக்க நேர்கிறது. கிரிம் சகோதரர்களின் கதையில் கீரை பறிக்கப் போகிறவனும் பயந்து வாக்களிப்பவனும் கணவன். குழந்தை பிறந்த உடனே சூனியக்காரி வந்து எடுத்துப் போகிறாள். பசிலேயிடம் தோட்டத்தில் கீரை பறிப்பவள் தாயே. குழந்தைக்கு ஏழு வயதாகிப் பாடம் படிக்கப் போகும் வழியில், தோட்டத்துக்குச் சொந்தக்காரியான அரக்கி அவளை நாள்தோறும் மறித்து, "உன் அம்மாவிடம் வாக்கை நினைவுபடுத்து" என்று சொல்லி அனுப்புகிறாள். கேட்டுக் கேட்டுச் சலித்த தாய் ஒருநாள், "எடுத்துக்கொள் என்று சொல்லிவிடு" என்கிறாள். என்ன ஏதென்று அறியாத அந்தக் குழந்தை அதை அப்படியே போய் ஒப்பிக்கிறது. தன்னை ஒப்படைக்கும் சொல்லைத் தன் வாயாலேயே சொல்ல வைக்கப்பட்ட ஒரு சிறுமி, நடுவர் அவர்களே! இது கொடுமையான காட்சி என்று எதிரணித் தோழி கண்டித்தார். கொடுமைதான். ஆனால் பெரியவர்களின் கடனைப் பிள்ளைகள் தீர்க்க நேரும் அவலத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இடம் ரபுன்ஸல் கதையில் எங்கே இருக்கிறது?

இனி இரண்டு பெண்களும் கோபுரத்துக்குள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். என் வழக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இளவரசன் வரும் இரவுகளில் பெத்ரோசினெல்லா அரக்கிக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, அவன் பிடித்து ஏறுவதற்காகக் கூந்தலைச் சன்னலில் தொங்கவிடுகிறாள். இதை மோப்பம் பிடித்த அண்டை வீட்டுக்காரி ஒருத்தி அரக்கியிடம் வந்து கோள் சொல்கிறாள். அந்த அண்டை வீட்டுக்காரியின் நடமாட்டத்தில் முன்பே சந்தேகம் கொண்டிருந்த பெத்ரோசினெல்லா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அரக்கியோ, "அவளால் எங்கும் ஓட முடியாது, மந்திரம் போட்டு வைத்திருக்கிறேன், சமையலறை உத்திரத்தில் ஒளித்திருக்கும் மூன்று ஓக் கொட்டைகள் கைக்குக் கிடைத்தால் ஒழிய அவள் தப்ப மாட்டாள்" என்று அலட்சியமாகச் சொல்கிறாள். சிறைப்படுத்தியவளின் வாயிலிருந்தே சிறையின் இரகசியம் வெளிவருகிறது. அன்றிரவு இளவரசனை உத்திரத்தின் மேல் ஏற்றிக் கொட்டைகளைத் தேடி எடுக்கச் செய்கிறாள். கயிற்றால் நூலேணி கட்டி, இருவரும் இறங்கி நகரத்தை நோக்கி ஓடுகிறார்கள்.

ரபுன்ஸலும் ஏணி பின்னத் திட்டமிட்டாளே என்று எதிரணித் தலைவர் குறிப்பிட்டார். நியாயமான குறிப்பு. வரும்போதெல்லாம் ஒரு பட்டு நூற்கண்டு கொண்டு வா என்று அவள் இளவரசனிடம் சொல்வது உண்மைதான். அந்த ஏணி என்ன ஆயிற்று? அது முடிவதற்குள் அவளே சூனியக்காரியிடம், இளவரசனைவிட உங்களைத் தூக்குவது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டுவிடுகிறாள். 1812ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் இந்தக் கேள்வி வேறாக இருந்தது. என் உடைகள் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகின்றன என்று அதில் கேட்கிறாள். அவள் கருவுற்றிருப்பதை வாசகர் அதிலிருந்து உணர்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் படிக்கும் நூலில் இது தகாது என்று அதை நீக்கியபோது, ஒன்றும் அறியாத இளம்பெண்ணின் இயல்பான கேள்வி போய், சற்றும் யோசிக்காதவளின் உளறல் வந்து சேர்ந்தது. திருத்தியவர்கள் அவளுடைய மானத்தைக் காப்பதாக எண்ணி அவளுடைய அறிவைப் பறித்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

ரபுன்ஸலின் கண்ணீர் பட்டு இளவரசனின் குருட்டுக் கண்கள் திறக்கும் இடத்தை எதிரணியினர் மூவருமே போற்றினார்கள். அதுவே ஜெர்மானிய மக்களின் நெஞ்சிலிருந்து வந்தது என்றும், பசிலே அரசவைகளை அண்டி வாழ்ந்த அலங்காரக் கவிஞர் என்றும் ஒப்பிட்டார்கள். பசிலே அரசவைகளில் பணி செய்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் வந்த வழியைப் பாருங்கள். கிரிம் சகோதரர்களுக்கு மூலமானது, 1790இல் பிரீட்ரிக் ஷுல்ட்ஸ் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கதை. ஷுல்ட்ஸுக்கு மூலம், 1698இல் வெளியான பிரெஞ்சுக் கதை. அதை எழுதிய ஷார்லோட் ரோஸ் த லா போர்ஸ், பதினான்காம் லூயியின் அரசவையில் இருந்த சீமாட்டி. கோபுரத்திலிருந்து குதித்துக் குருடாகும் இளவரசன், இரட்டைக் குழந்தைகள், கண் திறக்கும் கண்ணீர் எல்லாம் அவர் கதையிலேயே இருக்கின்றன. அரசவை வாசம் குற்றம் என்றால் அந்தக் குற்றம் இரு தரப்புக்கும் பொது. பசிலேயின் தொகுப்பு 1846இல் முழுமையாக ஜெர்மன் மொழியில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரே யாக்கோபு கிரிம் என்பதையும் எதிரணியினர் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடைசியாக அந்தத் துரத்தல். அரக்கி நெருங்கி வருகிறாள். இளவரசன் எல்லாம் முடிந்தது என்று கலங்கி நிற்கிறான். கொட்டைகளை நினைவில் வைத்திருந்து எறிபவள் பெத்ரோசினெல்லா. முதல் கொட்டையிலிருந்து பயங்கரமான நாய் ஒன்று பாய்கிறது. அரக்கி மடியிலிருந்து ரொட்டியை எடுத்துப் போட்டு அதைச் சாந்தப்படுத்துகிறாள். இரண்டாவதிலிருந்து சிங்கம் வருகிறது. அவள் திரும்பி ஓடி, புல்வெளியில் மேய்ந்த கழுதையின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டு எதிரே வந்து அதை மிரட்டி ஓட்டுகிறாள். சிங்கம் மீண்டும் வருமோ என்ற பயத்தில் தோலைக் கழற்றாமலே தொடர்ந்து ஓடுகிறாள். மூன்றாவது கொட்டையிலிருந்து வந்த ஓநாய் அவளைக் கழுதை என்றே எண்ணி விழுங்கிவிடுகிறது. ரபுன்ஸல் கதையிலோ கூந்தலை வெட்டி, கர்ப்பிணியைப் பாலைவெளியில் தவிக்கவிட்ட சூனியக்காரி பாதியிலேயே காணாமல் போகிறாள். அவள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நடுவர் அவர்களே, அடைத்து வைத்தவளிடமிருந்தே வழியைக் கேட்டறிந்து, ஏணி கட்டி, காதலனையும் காப்பாற்றிக்கொண்டு வெளியேறிய பெத்ரோசினெல்லாவுக்கே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.