ஓடியது 495, ஜெயித்தது ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

கார் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு ஃபார்முலா ஒன்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கேட்டால் நாஸ்கார் என்பார்கள். சாலையில் போகும் ஃபோர்டு, செவர்லே போலவே தோற்றம் கொண்ட கார்கள், பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில், இடப்பக்கமே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். அதையே பிழைப்பாகக் கொண்ட வெண்டெல் ஸ்காட்டின் வரவு செலவை இன்று கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பின் பெயரும் நாஸ்கார்தான். அதன் முதல்நிலைத் தொடரில் அவர் ஓடிய பந்தயங்கள் 495. ஜெயித்தது ஒன்றே ஒன்று. முதல் பத்து இடங்களுக்குள் வந்தது 147 தடவை. அந்தத் தொடரில் ஜெயித்த முதல் கறுப்பினத்தவர் என்பதால் எல்லோரும் அந்த ஒரு வெற்றியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 147தான் பெரிதாகப் படுகிறது. அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

எப்படி என்கிறீர்களா? இந்தப் பந்தயத்தில் எட்டாவதாக வந்தாலும் பணம் உண்டு, பதினைந்தாவதாக வந்தாலும் உண்டு. பெரிய அணிகளுக்குக் கார் கம்பெனியே இஞ்சினும் ஆளும் கொடுக்கும். ஸ்காட்டுக்கு அப்படி யாரும் இல்லை. காரின் முதலாளி அவர், மெக்கானிக் அவர், ஓட்டுகிறவரும் அவர். உதவிக்குச் சொந்தப் பிள்ளைகள். டயரும் உதிரிபாகமும் பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கழித்தவை. இன்றைக்கு இஞ்சின் வெடித்தால் அடுத்த வாரம் பந்தயம் இல்லை. அதனால் முந்துவதைவிட வண்டியை முழுசாகக் கரை சேர்ப்பதே அவருக்கு முதல் வேலை. வேண்டுமென்றே இடித்துத் தள்ளிய ஓட்டுநர்களும் இருந்தார்கள். அவர்களைத் திருப்பி இடிக்கக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டும். தகரம் நசுங்கினால் செலவு யாருடையது? இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் சொந்தக் காசில் வண்டி வைத்திருந்திருக்க மாட்டார்கள்!

வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊர், 1921-இல் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்து டாக்சி ஓட்டினார், பட்டறை வைத்தார், இரவில் கள்ளச்சாராயம் கடத்தினார். அந்தக் காலப் பந்தய ஓட்டுநர்கள் பலருக்கும் அதுதான் பயிற்சிக்கூடம். 1952-இல் உள்ளூர்ப் பந்தயம் நடத்தியவர்கள், கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடினார்கள். யாரிடம் போய் விசாரித்தார்கள் தெரியுமா? போலீஸிடம்! துரத்தித் துரத்தி அலுத்தவர்களுக்குத் தெரியாதா, யார் வேகமாக ஓட்டுவார் என்று? ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். 1961-இல் அவர் நாஸ்காரின் பெரிய தொடருக்கு வந்துவிட்டார். அப்போது பல ஊர்களில் கறுப்பினத்தவருக்கு விடுதியில் அறை கிடையாது. டார்லிங்டன் தடத்திலோ அவரை ஓடவே விடாமல் வைத்திருந்தார்கள்.

இனி அந்த ஒரு வெற்றி. 1963 டிசம்பர் 1, ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. சக ஓட்டுநர் நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கிய பழைய செவர்லேயில் ஸ்காட் ஓடினார். முன்னால் போன ரிச்சர்ட் பெட்டியின் கார் மக்கர் செய்ய, கடைசிக் கட்டத்தில் ஸ்காட் அவரைத் தாண்டிவிட்டார். 200 சுற்று முடிந்தது, கொடி விழவில்லை. 201, 202. அப்புறம் கொடி விழுந்தது, பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநருக்கு! கோப்பையும் அவர் கைக்கே போனது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஆள் உட்கார்ந்து, கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அட்டையில் குறிக்க வேண்டும். ஸ்காட் ஆட்சேபித்ததும் அட்டைகளைத் திரும்பப் பார்த்தார்கள். அவர்தான் ஜெயித்தவர், அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில். அந்த முடிவு வந்தபோது கூட்டம் கலைந்து போயிருந்தது. எண்ணும்போது தவறியது என்றார்கள். இரண்டு சுற்று, அதுவும் முதலில் போகிற கார், எண்ணிக்கையில் தவறுமா? ஒரு கறுப்பினத்தவர் மேடை ஏறுவதை அந்தக் கூட்டத்துக்குக் காட்ட மனமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வருமானம் எந்த அளவுக்கு இறுக்கிப் பிடித்தது என்பதற்கு 1973 சாட்சி. அந்த வருஷம்தான் அவர் துணிந்து பெரிய கடன் வாங்கி, நல்ல மெர்க்குரி கார் ஒன்றை வாங்கினார். மே மாதம் டல்லடேகா தடத்தில், பந்தயம் சூடு பிடிக்கும் முன்பே, பல கார்கள் ஒன்றோடொன்று மோதின. இடுப்பெலும்பு முறிந்தது, விலா எலும்புகள் முறிந்தன, கார் போயிற்று, கடன் மட்டும் நின்றது. அக்டோபரில் சார்லட்டில் ஒரு தடவை ஓடினார், 12-வது இடம். தொடரில் அதுவே அவருக்குக் கடைசிப் பந்தயம். மறுபடி டான்வில், மறுபடி பட்டறை. 1990-இல் காலமானார்.

2015-இல் நாஸ்கார் அவரைத் தன் புகழரங்கில் சேர்த்தது. ஜாக்ஸன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021 ஆகஸ்டில். அதே ஆண்டு அக்டோபரில் பப்பா வாலஸ் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு அந்தத் தொடரில் ஜெயித்த அடுத்த கறுப்பின ஓட்டுநர் அவர். இடம் டல்லடேகா. ஆனால் வாலஸ் ஓட்டியது கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பங்குதாரராக இருக்கும் அணியின் கார். அந்தக் காருக்காக வாலஸ் யாரிடமும் கடன் கேட்டு நிற்கவில்லை.

வணக்கம்.