மனநோய் பற்றிய வானொலி நாடகம்: கடைசியில் டாக்டர் வந்து விளக்கினால் போதுமா?

அடுத்த கேள்வி, வானொலி நாடகம் எழுதும் ஒரு நேயரிடமிருந்து. மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பது போன்ற அறிகுறிகள் உள்ள மனநோய்) வந்த தங்கையைப் பற்றிய கதையாம். "கடைசிக் காட்சியில் டாக்டர் எல்லாவற்றையும் விளக்குகிறார். கேட்பவர்கள் மனம் மாறுமா?" என்கிறார்.

விளக்கத்தால் மட்டும் மாறாது. மருந்து உண்டு என்று தெரிந்த குடும்பமும் நோயை மறைக்கிறது. வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் காரணம். நாடகம் தொட வேண்டியது அந்தப் பயத்தை.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையின் மனக்காயங்களையும் பகையையும் பற்றி 'முசெகெவேயா' என்ற வானொலித் தொடர் 2004-இல் தொடங்கியது. எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர், அதைக் கூட்டமாகக் கேட்ட மக்களை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார். அவரவர் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் 'நம்மவர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்' என்ற எண்ணம் மாறியது. நடத்தையும் மாறியது, வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அதனால் கதையின் பாரத்தை அண்ணன் மேல் வையுங்கள். முதலில் தங்கையை வீட்டுக்குள் ஒளித்துவைப்பவன், தயங்கித் தயங்கி மாறட்டும், நடுவில் ஒருமுறை பின்வாங்கட்டும். மெக்சிகோவின் மிகேல் சபிடோ 1970-களில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வகுத்த முறையும் இதுதான்: நல்லவர், கெட்டவர், இரண்டுக்கும் நடுவே தடுமாறும் ஒருவர். கேட்பவர் அந்தத் தடுமாறுபவரோடுதான் நடப்பார். டாக்டருக்கு நாலு வரி போதும்.

அப்புறம், தங்கைக்குக் கேட்கும் குரல்கள். வானொலிக்கு மட்டுமே வாய்க்கும் இடம் இது. எதிரொலியும் பேய்ப்பட இசையும் வேண்டவே வேண்டாம். பக்கத்து அறையில் யாரோ அவளைப் பற்றியே பேசுவது போல, சாதாரணக் குரலில் கொஞ்ச நேரம் கேட்கட்டும். அவள் படும் பாடு அப்போதுதான் புரியும். அவள் கையில் கத்தியையும் கொடுக்காதீர்கள். மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தாங்களே தாக்கப்படுவதுதான் அதிகம்.

மருந்து தொடங்கிய மறு அத்தியாயத்திலேயே குணமாக்கிவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மருந்தை மாற்றவும் வேண்டியிருக்கும். நாடகத்தில் உடனே குணமாவதை நம்பி ஒருவர் நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

தற்கொலை எண்ணம் கதையில் வந்தால் வழிமுறையைச் சொல்லவே கூடாது. அந்த நெருக்கடியை யாரிடம் பேசி, எப்படிக் கடந்தாள் என்பதைக் காட்டுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் உதவி எண்ணைச் சொல்லுங்கள். ஒலிபரப்பும் நேரத்தை அந்த எண்ணில் பேசுபவர்களிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். நாடகம் முடிந்ததும் அழைப்பு வரும், எடுக்க ஆள் இருக்க வேண்டும்.