ஒரே மஜ்ஜையில் இரண்டு புற்றுநோய்கள்

அனைவருக்கும் வணக்கம். "ஏற்கெனவே ஒரு ரத்தப் புற்றுநோய் இருக்கிறது, இன்னொன்றுமா வரும் டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் வரும். இன்று ஒரு ஜோடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: சி.எல்.எல். என்ற நாள்பட்ட லிம்போசைட் புற்றுநோய் (லிம்போசைட் என்பது ஒரு வகை வெள்ளை அணு), அப்புறம் மல்டிபிள் மைலோமா, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய்.

சி.எல்.எல். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. வேறு எதற்கோ ரத்தம் சோதிக்கப் போன இடத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது தெரியவரும். தொந்தரவு இல்லையென்றால் மருந்தே தராமல் ஆண்டுக்கணக்கில் கவனித்து வருவோம். அப்படிப்பட்டவர் ஒருநாள் முதுகு வலி தாங்கவில்லை என்று வருவார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கும், ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும். 'பழைய நோய் முற்றிவிட்டது' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். மருத்துவர்களும் சில சமயம் அப்படி நினைத்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. ரத்தசோகை சி.எல்.எல்.லிலும் வரும், சரி. ஆனால் எலும்பு அரிபடுவதும் கால்சியம் ஏறுவதும் அதன் வழக்கம் அல்ல. மைலோமாவைத் தேடச் சொல்லும் அடையாளங்கள் அவை. ரத்தப் புரதத்தில் எம் பட்டை, அதாவது ஒரே செல் கூட்டம் சுரக்கும் ஒரே மாதிரிப் புரதத்தின் அடையாளம், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.எல்.எல். மட்டும் உள்ள சிலருக்கும் சிறிய பட்டை தெரியும் என்பதால், மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு நோயுமே பி செல் என்ற வெள்ளை அணுவின் வம்சத்தில் பிறப்பவை; பிளாஸ்மா செல்லும் அதிலிருந்து வருவதுதான். ஒரு பி செல் கப்பா, லாம்டா என்ற இரண்டு புரதச் சங்கிலிகளில் பொதுவாக ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளும். அதன் வாரிசுகளும் அதையே வைத்திருக்கும். மஜ்ஜையில் சின்ன லிம்போசைட்டுகள் கப்பாவையும், பக்கத்திலேயே இருக்கும் பிளாஸ்மா செல்கள் லாம்டாவையும் காட்டினால், ஒன்று முற்றி மற்றொன்றாகவில்லை, இவை தனித்தனியே முளைத்தவை என்பதற்கு அது வலுவான சாட்சி. இரண்டிலும் ஒரே சங்கிலி என்றால் மரபணுச் சோதனைதான் வழக்கைத் தீர்க்கும்.

எதற்கு முதலில் வைத்தியம்? எது உறுப்பைக் கெடுக்கிறதோ அதற்கு. பெரும்பாலும் மைலோமாதான், போர்டெசோமிப், லெனலிடோமைட், டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகளைத் தொடங்குவோம். சி.எல்.எல். அமைதியாக இருந்தால் காத்திருக்கட்டும். இரண்டு நோயும் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை, ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் இன்னும் குறைக்கும். அதனால் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள், ராத்திரி ஆனாலும் சரி.