ஆறாம் வகுப்போடு நின்றவர்

மேடையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பழைய மாணவிகளுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் பள்ளியில் படித்த அக்கா ஒருவர், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருக்கிறார். அதன் வட்டியில் ஆண்டுதோறும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவார்கள். அவரைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் தன்னைப் பற்றி அதிகம் பேசக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, அவர் சொல்லை மீறவில்லை. இதே காரியத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு தேசத்தில் செய்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஓசியோலா மெக்கார்ட்டி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1908-இல் பிறந்த கறுப்பினப் பெண். ஹாட்டிஸ்பர்க் என்ற ஊரில் வளர்ந்தார். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, உறவுக்காரப் பெண்மணி ஒருவர் மருத்துவமனையிலிருந்து நடக்க முடியாதவராக வீடு திரும்பினார். பிள்ளைகள் இல்லாதவர். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று ஓசியோலா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார். அவர் மறுபடி போகலாம் என்ற நிலை வந்தபோது, கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் மேலே போய்விட்டார்கள். இனி சின்னப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவது என்று கூசி, அப்படியே நின்றுவிட்டார்.

அப்புறம் சுமார் 75 ஆண்டுகள் ஊரார் துணிகளைத் துவைத்தார். கொல்லையில் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, பலகையில் தேய்த்து, கஞ்சி போட்டு, கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஒரு முறை இயந்திரம் வாங்கிப் பார்த்தார். அது துவைத்த துணியில் அவருக்குத் திருப்தி இல்லை. மறுபடி கையாலேயே துவைத்தார். தொடக்கத்தில் ஒரு மூட்டைக்கு ஒன்றரை, இரண்டு டாலர்தான் கூலி. கடைசிக் காலத்தில் பத்து டாலர். அதில் மிஞ்சியதை எல்லாம் வங்கியில் போட்டார். கார் வைத்துக்கொள்ளவில்லை, கடைக்கு நடந்தே போவார். 86 வயதில் கை மூட்டுகள் வீங்கி வேலை செய்ய முடியாமல் போனபோது, சேமிப்பு இரண்டரை லட்சம் டாலரைத் தொட்டிருந்தது.

இந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று வங்கி அதிகாரி கேட்டார். பத்து நாணயங்களை மேசையில் வைத்து, உங்களுக்கு வேண்டியபடி பிரியுங்கள் என்றார். ஓசியோலா ஒரு நாணயத்தைத் தேவாலயத்துக்கு ஒதுக்கினார். மூன்று உறவினர்களுக்கு. மீதி ஆறும் அந்த ஊரிலிருந்த தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு. படிக்க வசதி இல்லாத பிள்ளைகளின் உதவித்தொகைக்காக 1,50,000 டாலர். 1995-இல் இந்தச் செய்தி வெளியானபோது அந்த நாடே திரும்பிப் பார்த்தது.

அந்த ஆறு நாணயங்களும் எந்த வாசலுக்குப் போயின என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1965 வரை அந்தக் கல்வி நிலையம் கறுப்பின மாணவர் ஒருவரைக்கூடச் சேர்த்ததில்லை. கிளைட் கென்னர்ட் என்ற முன்னாள் ராணுவ வீரர் 1950-களில் அங்கே இடம் கேட்டுத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். கோழித்தீவனம் திருட உடந்தை என்று அவர்மேல் பொய் வழக்குப் போட்டு, ஏழு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் முற்றி, விடுவிக்கப்பட்ட சில மாதங்களில் 1963-இல் இறந்துபோனார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னதே 2006-இல்தான். ஓசியோலா பிறந்த வீட்டிலேயே பணம் கொட்டிக் கிடந்திருந்தாலும், அவர் இளவயதில் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. அந்த இடத்துக்குத்தான் தன் உழைப்பைக் கொடுத்தார், தன் இனத்துப் பிள்ளைகள் அங்கே படிக்கட்டும் என்று. இவ்வளவு பெரிய மனதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

அவர் காலத்துக்குப் பிறகே பணம் கைமாறும் என்பது ஏற்பாடு. ஆனால் ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் அதற்கு ஈடாகப் பணம் திரட்டினார்கள். அந்த ஆண்டே முதல் மாணவிக்கு 1,000 டாலர் கிடைத்தது. கட்டடத்துக்குத் தன் பெயரை வைக்கும்படி ஓசியோலா கேட்கவில்லை. தன் பணத்தில் படித்த ஒரு பிள்ளை பட்டம் வாங்குவதை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ஹார்வர்டு 1996-இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. 1999-இல் காலமானார்.

நம் அக்காவின் நிதி பற்றி ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022-இலிருந்து அது எத்தனையோ குடும்பங்களுக்குத் தெம்பு. ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. சேரும் நாளில் கட்ட வேண்டிய கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு நல்ல உடை, பேருந்துச் செலவு, இதற்குக் கையில் காசில்லாமல்தான் பல பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஓசியோலாவைப் போல, ஒருமுறை நின்றால் திரும்பிப் போவது கஷ்டம். ஆகவே இந்தத் தொகையை ஆண்டு விழா வரைக்கும் வைத்திருந்து மேடையில் காசோலையாக நீட்ட வேண்டாம். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வாங்குகிற பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். இதைச் சங்கத் தீர்மானமாகவே எழுதிவிட வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வாகும் பிள்ளைகளே, நீங்கள் பட்டம் வாங்கும் நாளில் முதல் அழைப்பிதழை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அக்கா, மேடைக்கு வாருங்கள்.