புற்றுக்காளானும் வரப்பெலியும்

வணக்கம் நேயர்களே. வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு இன்று நான் பேசப்போகும் இரண்டுமே தெரிந்தவைதான். ஒன்று, இடிமழை பெய்து ஓய்ந்ததும் கரையான் இருக்கும் மண்ணில் முளைக்கும் புற்றுக்காளான். இன்னொன்று, வயலைக் குடையும் வரப்பெலி. இரண்டுக்கும் மேலே தெரிவது கொஞ்சம், மண்ணுக்குள் இருப்பதுதான் அதிகம்.

காளானை எடுத்துக்கொள்வோம். அதைப் பிடுங்காமல், தண்டை ஒட்டி மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே போங்கள். வெள்ளை அடித்தண்டு நீண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். அது போய் முடிகிற இடம் கரையானின் தோட்டம். மென்ற சருகையும் மரத்தையும் வைத்துக் கரையான் கட்டிய அடை, பார்க்கக் கடற்பஞ்சு போல இருக்கும். அந்த அடையில் வளர்கிற, இந்தக் காளானை முளைக்கவைக்கும் பூஞ்சை மரத்தின் கடினப் பகுதியைச் சிதைத்துக் கொடுக்கிறது, கரையான் தின்கிறது. ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளாக நடக்கிற வேளாண்மை இது! நம் பக்கம் கிடைக்கும் ஒரு வகைக்கு 1979இல் நடராஜன் என்ற ஆய்வாளர், பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்மின் பெயரால் ‘டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி’ என்று பெயர் வைத்தார். தொப்பியின் உச்சி கூராக இருக்கிறதே, அது மண்ணைத் துளைத்து வருவதற்குத்தான்.

எலியும் உள்ளே சேர்த்து வைக்கிறது. அறுவடை முடிந்த வயலில் இருளர் பெரியவர் ஒருவர் வளை வெட்டியதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். வளையின் வாயில் புதுமண் அடைத்திருந்தால் உள்ளே எலி உண்டு என்றார். அடியில் துளையிட்ட பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்தார். பானை வாயை வளையோடு அணைத்துக்கொண்டு, துளை வழியாகப் புகையை உள்ளே ஊதினார். அவர் மனைவி மற்ற வழிகளை மண்போட்டு அடைத்துக்கொண்டே வந்தார். அப்புறம் மண்வெட்டி. உள்ளறையில் நெல் கதிர் கதிராகவே திணித்துக் கிடந்தது. அதை அள்ளி, உதறி, புடைத்து எடுத்தார்கள். ஒரு மணிகூட வீணாகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். காளானை மேலோடு பறித்து நிறுத்திக்கொள்ளுங்கள், புற்றை வெட்டாதீர்கள். உள்ளே கரையானும் அடையும் இருந்தால்தான் மறுபடியும் முளைக்கும். எலிக்கு இது நேர்மாறு. வளையின் வாயை மட்டும் மூடினால் வேறு வழியில் வந்துவிடும், உள்ளறை வரை போக வேண்டும்.

சரி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வந்துவிட்டது. எலி பிடிக்கும் மூங்கில் பொறியான தஞ்சாவூர் கிட்டியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை. எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் ஆந்தையும் உட்கார வயலில் குச்சி நட்டுவையுங்கள். புற்றோரம் முளைத்தது என்பதற்காக எந்தக் காளானையும் சமைத்துவிடாதீர்கள், தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு எடுங்கள். வணக்கம்.