தவறின பந்தை யார் எடுப்பது?

வணக்கம் நேயர்களே. முப்பது வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பையன்களிடம் அதிகம் கேட்ட புகார், "சார், ஆளே வரல, எப்படி விளையாட?" என்பதுதான். கூடைப்பந்துக்கு ஒரு பக்கம் ஐந்து பேர் வேண்டும், சரிதான். ஆனால் ஷூட் பழக ஒரு பந்தும் ரிங்கும் போதும். "எலே, பந்து இருக்குல்லா, போட்டுப் பாரு" என்பேன்.

சின்ன வயதில் நான் பழகிய ரிங்குக்கு வலையும் கிடையாது, பின்னால் வேலியும் கிடையாது. தவறின பந்து உருண்டு போய் பாளையங்கால் வாய்க்காலில் விழும். ஒரு கார் சாகுபடி சமயம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். பந்து மிதந்து போக, நான் கரையோடு ஓட, துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி எட்டிப் பிடித்துக் கொடுத்தார். கூடவே நல்ல ஏச்சும் கிடைத்தது. மறுநாளிலிருந்து பந்தைத் தரையில் விழ விடுவதில்லை என்று ஆனேன். ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்புகிற பந்தைப் பிடிப்பது, எனக்கு அந்த வாய்க்கால் சொல்லிக் கொடுத்த பாடம்.

தனியாகப் பழகுகிறவர்கள் பலர், பந்து கையை விட்டதும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அது வீண். நாம் போட்ட பந்து கூடுதலா குறைவா என்பது நம் விரல் நுனிக்குத்தான் முதலில் தெரியும். அது காற்றில் இருக்கும்போதே விழும் இடத்தை ஊகித்து ஓட வேண்டும். பக்கவாட்டிலிருந்து போட்டது தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். தூரத்திலிருந்து போட்டது தூரமாகத் துள்ளும். தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலிலும் இறங்கி, பந்தைத் தாழ்த்தாமல் திரும்பப் போடுங்கள். இடுப்புக்கு வந்த பந்தை எவ்வளவு குள்ளமான பையனும் தட்டிப் பறித்துவிடுவான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் மைக்கன் என்று 6 அடி 10 அங்குல ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயரிலேயே ஒரு பயிற்சி உண்டு. ரிங்குக்கு அடியில் நின்று வலப்பக்கம் வலக்கையால் ஒன்று; விழும் பந்தைப் பிடித்து இடப்பக்கம் இடக்கையால் ஒன்று. பந்து தரையில் படக் கூடாது. ஒரு நிமிஷத்திலேயே மூச்சு வாங்கும். இடக்கை வராது என்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அப்புறம், பந்தை உயர்த்திப் போடுங்கள். செம்பின் வாயை மேலிருந்து பார்த்தால் வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. ரிங்கும் அப்படித்தான். அதன் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து சுமார் 24. முப்பது டிகிரிச் சாய்வில் வருகிற பந்துக்கு வழி 22.5 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கும். ரிங்கில் இடிக்காமல் உள்ளே போகாது.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தூரத்து ஷாட்டை விட்டுவிட்டு, நான் சொன்ன மைக்கன் பயிற்சியைச் செய்யலாம்.

ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி தவறு செய்தால் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடக் கிடைக்கிற பந்தை, கடைசியில், களைத்த பிறகு போடுங்கள். ஆட்டத்திலும் அது பெரும்பாலும் களைப்பில்தான் வரும். பத்துக்கு எத்தனை விழுந்தது என்று நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்தில் ஆள் இல்லை என்று ஆறை ஏழாக எழுதின பையன்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன்.

வணக்கம்.