ஓவன் பாதிரியாரின் பி6

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த பயிற்சியாளர்களே, இந்த மைக்கை மூன்று முறை சரிசெய்து கொடுத்த செயலாளர் அவர்களே, பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். வரவேற்புரையில் என்னைச் சதுரங்க மேதை என்றார்கள். மேடையில் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுக்கான ஒரு தொடக்க முறையான ஓவன் தடுப்பாட்டத்தைப் பற்றி மூன்று சொல்ல வந்தேன்: அதன் கருத்து, அதன் கதை, அதன் ஆபத்து.

வெள்ளை இ4 ஆடுகிறது, அதாவது ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறது; எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை. கறுப்பு நேரே போய் மோதாமல் பி6 என்று ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துகிறது. அடுத்து, மூலைவாட்டில் ஓடும் காயான பிஷப் பி7-க்கு வரும். வெள்ளை டி4-ம் ஆடி நடுப்பலகையை வளைத்துப்போடட்டும். பிஷப் தூரத்திலிருந்தே இ4-ஐக் குறிவைத்து உட்கார்ந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது. 1920-களில் நிம்சோவிச், ரேட்டி போன்ற ஆட்டக்காரர்கள் இதைக் கொள்கையாக்கினார்கள். ஆனால் ஜான் ஓவன் 1858-லேயே இதை ஆடி, லண்டனுக்கு வந்திருந்த அமெரிக்கச் சதுரங்க மேதை மார்ஃபியை ஓர் ஆட்டத்தில் வென்றார். ஓவன் ஒரு பாதிரியார். அவர் பிஷப்பை நம்பியதில் வியப்பென்ன! பிறகு மார்ஃபி ஒரு சிப்பாய் குறைவாகவே தொடங்கி ஆடிய தொடரில் ஓவன் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் தம்பி முறை ஓர் ஆட்டம் உண்டு. 1980, ஸ்வீடனில் ஸ்காரா. ஐரோப்பிய அணிகளின் போட்டி. எதிரே உலக சாம்பியன் கார்ப்போவ். அவர் இ4 ஆடினார். இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 என்றார். அரங்கில் சிரிப்பு. கார்ப்போவ் டி4. மைல்ஸ் பி5. சிரிப்பு இன்னும் கூடியது. மைல்ஸ் அசரவில்லை. பிஷப்பை அதே பி7-இல் வைத்தார். 46-வது நகர்த்தலில் உலக சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். சிரித்தவர்களைத் தேடினால் கிடைத்திருப்பார்களா? பதறாத காரியம் சிதறாது!

சரி, இப்போது என் வழக்கமான புலம்பலுக்கு வருகிறேன். ஒரு சிறுமி பி6 ஆடினாள். அந்த நகர்த்தலுக்குக் கணினி கொடுத்த குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி, "இதெல்லாம் ஆட்டமா?" என்றார் அவள் பயிற்சியாளர். அவள் அன்று ஜெயித்திருந்தாள். மாதத்தில் ஒரு நாளாவது கணினியை மூடிவையுங்கள், குழந்தைகள் இஷ்டப்பட்டதை ஆடட்டும். இதைத்தான் பத்து மேடைகளில் கேட்டுவிட்டேன்.

ஆபத்தைச் சொல்வதற்குள் நேரம் முடிந்ததென்று தலைவர் சீட்டு நீட்டுகிறார். வெள்ளை தன் பிஷப்பை டி3-இல் வைத்தால், எஃப்5 என்று சிப்பாயை நகர்த்திப் பதில் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். எட்டாவது நகர்த்தலிலேயே ராஜா தப்ப வழியின்றி மாட் ஆகும் வழியை இத்தாலிய ஆட்டக்காரர் கிரேக்கோ 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். கணினியை மூடிவைக்கும் அந்த ஒரு நாளுக்கான கோரிக்கைத் தாள் கையெழுத்துக்காகப் பின்வரிசையிலிருந்து வருகிறது. பேனா செயலாளர் அவர்களிடம் இருக்கிறது.